மூங்கில் குதிரையைப் பிடித்த கைகள்

மிட்சுயோ சென்செய் கையில் கொடுத்தால் துடைப்பக்கட்டைகூட எழுந்து நடக்கும் என்று இவாசே ஊரில் சொல்வார்கள். சென்செய் என்றால் அங்கே டீச்சர். சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஹிபாரி பாலர் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் அதே முற்றத்தில் மூக்கொழுக ஓடித் திரிந்தவர்கள் என்பதால் பேச்சில் பாசம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. யானை வகுப்பை, அதாவது ஐந்து முடிந்து ஆறைத் தொடப்போகிற கூட்டத்தை, இருபத்தெட்டு வருடமாக அவள்தான் மேய்க்கிறாள். அக்டோபர் விளையாட்டு விழாவில் அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மூங்கில் குதிரை ஏறி, கொடிக்கம்பத்திலிருந்து காகிதப்பூ வளைவு வரைக்கும் நடக்க வேண்டும். முதல் வருடத்தை விட்டுவிட்டால், ஒரு பிள்ளைகூட நடக்காமல் போனதாக யாரும் சொன்னதில்லை.

மூங்கில் குதிரை பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. இரண்டு கழிகள். ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு மிதிகட்டை. வெறுங்காலோடு ஏறி, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கழியைக் கவ்விக்கொண்டு, கழியோடு சேர்ந்து முன்பக்கம் சாய வேண்டும். சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்று உடம்பு சொல்லும். சாயாவிட்டால்தான் விழுவோம் என்பதை உடம்புக்குப் புரியவைப்பதற்குள் வாத்தியாருக்குப் பாதி உயிர் போய்விடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை என்று நினைப்பவர்கள் ஜூன் மாதத்தில் ஒரு காலை வந்து பார்க்கலாம்.

அந்த முதல் வருடத்தில் மிட்சுயோவுக்கு இருபத்தைந்து வயது. ஜுன்யா என்று ஒரு பையன். விழாவன்று குதிரையில் ஏறினான், விழுந்தான், திரும்ப ஏறினான், விழுந்தான். மூன்றாம் முறை சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டான். மிட்சுயோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையனுடைய அம்மா எழுந்து வந்து, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவளைப்போல நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் குனிந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு பையனைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு வேளைக்கு முன்பே போய்விட்டாள். துணியில் முடிந்த சாப்பாட்டுப் பெட்டி பாயின்மேல் மறந்து கிடந்தது. சாயங்காலம் அதை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது மிட்சுயோதான். பெட்டி கனமாக, திறக்காமல் இருந்தது. அந்தக் கனத்தை அவள் மறக்கவே இல்லை. இனி தன் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் அப்படி நேரவிடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அடுத்த வருடமே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். நடக்க வராத பிள்ளைக்கு எதிரே நின்று, அதன் கைகளுக்கு மேலாகக் கழிகளைப் பிடித்து, தான் பின்னோக்கி நடப்பது. இந்த அளவுக்கு எல்லா ஆசிரியைகளும் செய்வதுதான். மிட்சுயோ இன்னும் ஒரு படி போனாள். பிள்ளை வலது காலைத் தூக்க நினைக்கிற அதே நொடியில் வலது கழியை மெல்லத் தூக்கி முன்னால் வைப்பாள். அடுத்து இடது. அவள் உயரம் குறைவு என்றாலும் மணிக்கட்டு உலக்கைபோல உறுதி. மேலே தொளதொளத்த கை வைத்த நீலச் சட்டை போட்டுக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு டீச்சர் கூடவே வருவது மட்டும்தான் தெரியும். பிள்ளை வளைவைத் தாண்டும், கூட்டம் கைதட்டும், அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இத்தனை வருடத்தில் அப்படி நடந்தவர்கள் பதினோரு பேர். இது ஏமாற்று என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெயிலில் நிற்கிற பிள்ளைக்குக் குடை பிடிப்பது ஏமாற்றா என்ன? விஷயம் ஊருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

பன்னிரண்டாவது ஆள் இரோஹாவாகத்தான் இருக்கும் என்று மே மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மே மாதத்தில் பிள்ளைகளின் உள்ளங்காலில் மை தடவி, காகிதத்தில் அச்சு எடுப்பார்கள். ஓடியாடுகிற பிள்ளையின் அச்சில் பத்து விரலும் அவரைக்கொட்டைபோல வரிசையாக விழும். இரோஹாவின் காகிதத்தில் இரண்டு பாதம் இருந்தது, விரல்கள் இல்லை. கட்டைவிரல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு மங்கல் புள்ளி.

"சென்செய், என் வெரலெல்லாம் எங்க போச்சு?" என்று இரோஹா காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"மேல பறந்துகிட்டு இருக்கு. தரைக்கு வரமாட்டேங்குது."

"பயமா இருக்கும், பாவம்," என்றாள் இரோஹா. குனிந்து தன் கால்விரல்களைத் தடவிக் கொடுத்தாள்.

விரல் தரையைத் தொடாத பிள்ளை லேசாகத் தள்ளினாலே விழும். இரோஹாவும் அப்படித்தான். நடக்கத் தொடங்கியதே ஒன்றரை வயது தாண்டித்தான். படி இறங்கும்போது சுவரைப் பிடிப்பாள். மற்றவர்கள் ஓடுகிற இடத்தில் நிதானமாக, யாரோ பெரிய மனுஷி காய்கறி வாங்க வந்ததுபோல நடப்பாள். வாய் மட்டும் நன்றாக ஓடும்.

ஜூனில் குதிரை கட்டும் ஞாயிறு வந்தது. அன்றைக்கு அப்பாக்கள் வந்து தத்தம் பிள்ளைக்குக் குதிரை கட்ட வேண்டும். குளிர்காலத்தில் வெட்டிக் கூரை இறவாணத்தில் காயப்போட்ட மூங்கிலும், வாளித் தண்ணீரில் ஊறிய கயிறும் தயாராக இருக்கும். வருடம் முழுக்கப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்றே தெரியாத அப்பாக்கள்கூட அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கயிறு இழுப்பார்கள். இரோஹாவின் அப்பா ரியோஹெய் வந்திருந்தான். முப்பத்திரண்டு வயது, தபால் பட்டுவாடா செய்கிறவன், ஒல்லி. அவனும் ஹிபாரி பிள்ளைதான். மிட்சுயோவுக்கு அவனை நன்றாக நினைவிருந்தது. அவன்தான் பதினோரு பேரில் முதல் ஆள்.

"இன்னும் கொஞ்சம் மேல கட்டு, ரியோ-சான். இவ்வளவு தாழ்வா கட்டினா குதிரை இல்ல, நாய்க்குட்டி," என்றாள்.

"இது போதும், சென்செய்."

"உன் பொண்ணுதானே, நடந்துடுவா. நீ எப்படி நடந்தே, ஞாபகம் இருக்கா? கம்பத்துலேருந்து வளைவு வரைக்கும், ஒரு தடவகூட இறங்காம."

 ரியோஹெய் முடிச்சை இறுக்கி, மிதிகட்டையைக் கையால் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, கழியில் மகள் பெயரை எழுதினான். கூச்ச சுபாவம், அப்போதும் இப்படித்தான் என்று மிட்சுயோ நினைத்துக்கொண்டாள்.

கோடை முழுக்க முற்றத்தில் காலுக்குத்தான் வேலை. தரையில் கயிறு போட்டு, கீழே முதலை இருப்பதாகச் சொல்லி, அதன்மேல் நடக்கவிடுவாள். ஒற்றைக்காலில் நின்று தோளால் முட்டுகிற சுமோ வைப்பாள். வாய் வரை தண்ணீர் நிரப்பிய கோப்பையைச் சிந்தாமல் கொண்டுவந்து தக்காளிச் செடிக்கு ஊற்றச் சொல்வாள். செப்டம்பர் பிறந்தபோது வகுப்பில் பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் குதிரையில் திரிந்தார்கள். கெய்தோ என்ற வாண்டு குதிரைமேல் இருந்தபடியே மூக்கு நோண்டுகிற அளவுக்குத் தேறிவிட்டான். இரோஹா மட்டும் ஏறினதும் கழிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்வாள், பொத்தென்று உட்காருவாள். "இன்னிக்கு காத்து ஜாஸ்தி," என்பாள். காற்றே இல்லாத நாளிலும் அதையே சொல்வாள்.

மிட்சுயோ நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவளோடு வேலை பார்க்கும் சயாகாவுக்கு இருபத்தாறு வயது, நாக்கு கொஞ்சம் கூர்மை. "இந்த வெயில்ல முழுக்கைச் சட்டையா, சென்செய்? உள்ள ஏதாவது கடத்துறீங்களா?" என்று கேட்டாள். மிட்சுயோ சிரித்து மழுப்பினாள்.

நான்கு நாளில் இரோஹா நடந்தாள். மிட்சுயோவின் இரண்டு கைகளும் மேலே இருக்க, முற்றத்தைக் குறுக்கே கடந்து, மறுபடி திரும்பியும் வந்தாள். அழைத்துப்போக வந்த ரியோஹெய் வேலிக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, நான் நடந்தேன், பார்த்தியா, காத்துலகூட நடந்தேன்," என்று இரோஹா போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் மகளின் தலையைத் தடவினான். பையை எடுத்து வரச் சொல்லி அவளை உள்ளே அனுப்பினான்.

"சென்செய், ஒரு நிமிஷம் பேசலாமா?"

"பேசேன். பார்த்தியா உன் பொண்ணை?"

"பார்த்தேன். உங்க கையையும் பார்த்தேன்."

"கைக்கு என்ன?"

"அப்பவும் இதே மாதிரி நீலச் சட்டைதான் போட்டிருந்தீங்க," என்றான் ரியோஹெய். குரலில் கோபம் இல்லை. முகவரி விசாரிப்பவனைப்போலத்தான் பேசினான். "விழா அன்னிக்கு எங்கப்பா வரல. படகுல போயிருந்தார். சாயங்காலம் வந்ததும் நான் குதிரையத் தூக்கிட்டு சந்துக்கு ஓடினேன், அவருக்கு நடந்து காட்டலாம்னு. ஏறினேன், விழுந்தேன். மறுபடி ஏறினேன். ஒரு அடிகூட வரல. கட்டை கழண்டிருக்கும்னு அப்பா பார்த்தார். கட்டை சரியாத்தான் இருந்தது. சரி விடு, எல்லாரும் கைதட்டினாங்கன்னு அம்மா சொன்னாளேன்னார். அவர் என்னை நம்பலைன்னு தெரிஞ்சுது. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. காலையில நடந்தது யாருன்னு எனக்குத் தெரியல."

மிட்சுயோ வாயைத் திறந்தாள். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"அதுக்கப்புறம் எதுலயும் ஏறல. சைக்கிள் கத்துக்கிட்டதே பதினொரு வயசுல, யாரும் பார்க்காம. விழா அன்னிக்கு நான் நடக்கும்போது எடுத்த போட்டோ இன்னும் எங்கம்மா வீட்டுச் சுவத்துல இருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவாங்க. நான் எழுந்து அடுப்படிக்குப் போயிடுவேன்."

"அப்போ என்ன, நீ எல்லார் முன்னாடியும் விழுந்து அழுதிருக்கணுமா?" மிட்சுயோவின் குரல் உயர்ந்துவிட்டது. "அதைப் பார்த்துட்டு நான் சும்மா நிக்கணுமா? உனக்கு அதுதான் நல்லாயிருந்திருக்குமா?"

ரியோஹெய் கொஞ்ச நேரம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "அழுதிருப்பேன்," என்றான். "அவ்வளவுதான்."

இரோஹா பையோடு வந்தாள். அவன் குனிந்து வணக்கம் சொல்லி, தலைக்கவசத்தை மகளுக்கு மாட்டிவிட்டுப் புறப்பட்டான். மிட்சுயோ வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கோபமாக வந்தது, அவமானமாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் துக்கம் இருந்தது. பிள்ளைக்குத் தரக்கூடியதிலேயே பெரிய பரிசு என்று எதை நினைத்தாளோ, அதைக் கண்டால் ஒருவன் இருபத்தேழு வருடமாக அடுப்படிக்கு எழுந்து போகிறான்.

வீட்டுக்குப் பேருந்தில்தான் போவாள். ஓட்டுநர் அவள் கணவன் ஹிதெயோ. கல்யாணமாகி இருபத்தாறு வருடம். பல் தேய்க்கும்போதுகூட ஒற்றைக்காலில் நின்று பயிற்சி பார்க்கிற பெண்டாட்டியைப் பற்றி ஊரெல்லாம் புகார் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷன். அன்றைக்கு இடம் இருந்தும் மிட்சுயோ உட்காரவில்லை. கம்பியை இறுகப் பிடித்து நின்றவள், தன் கையையே வெறித்துப் பார்த்தாள். பிறகு கம்பியை விட்டாள்.

பேருந்து துறைமுகத் திருப்பத்தில் திரும்பியதும் பக்கத்து இருக்கையில் இருந்த மீன்கடைக்காரர் மடியில் போய் விழுந்தாள். மன்னிப்புக் கேட்டு எழுந்து, மறுபடி விட்டாள். ஒலிபெருக்கியில் ஹிதெயோவின் குரல் வந்தது. "நின்றுகொண்டு பயணம் செய்வோர் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." கண்ணாடியில் அவளைப் பார்த்து, வழக்கத்துக்கு விரோதமாக, "மிட்சுயோ, உன்னத்தான்," என்று சேர்த்தான். அவள் பிடிக்கவில்லை. அடுத்த திருப்பத்தில் தள்ளாடினாள், விழவில்லை. அதற்கடுத்த திருப்பத்தில் ஒன்று தெரிந்தது. காலணிக்குள் அவளுடைய பத்து விரலும் தரையைத் தேடி இறுக்கிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லவில்லை. கை கம்பியில் இருந்தவரைக்கும் அவை அசையவே இல்லை.

மறுநாள் காலை நீலச் சட்டையைப் பள்ளிக் கிடங்கில் மாட்டிவிட்டு வந்தாள். "இரோஹா-சான், இனிமே நான் கழியைப் பிடிக்கமாட்டேன்," என்றாள்.

"ஏன், கை வலிக்குதா?"

"இல்ல. என் கை பொய் சொல்லுது."

இரோஹா அந்தக் கையை வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "கைக்கு வாயே இல்லையே," என்றாள்.

"அதனாலதான் இவ்வளவு நாள் மாட்டிக்கல."

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. குதிரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இருவரும் விரல்களைத் தரைக்கு இறக்கும் வேலையில் இறங்கினார்கள். கால்விரலால் கோலிக்குண்டு பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார்கள். கல், கத்தரி, காகிதம் விளையாட்டைக் காலால் ஆடினார்கள். விரல்களை மடக்கினால் கல், கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தினால் கத்தரி, எல்லாவற்றையும் விரித்தால் காகிதம். இரோஹாவுக்கு முதலில் கல் மட்டும்தான் வந்தது. கெய்தோ அதைக் கண்டுபிடித்து, காகிதமாகவே போட்டு எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தான். ஆத்திரத்தில் இரோஹாவுக்கு ஐந்தாம் நாள் கத்தரி வந்தது. தினமும் காலையில் மூன்று வயது முயல் வகுப்புக்குப் போய், கயிறு கட்டிய காலி டப்பாக்கள்மேல் ஏறி அந்தப் பொடிசுகளோடு நடந்தாள். அங்கே அவள்தான் ராணி. பெரிய குதிரையில் ஏறினால் மட்டும் பழைய கதை. ஆனால் இப்போது பின்னால் விழவில்லை, முன்னால் விழுந்தாள். அதில் இருக்கிற வித்தியாசம் மிட்சுயோவுக்குத் தெரியும். முழங்கால் இரண்டும் சிராய்ந்து கிடந்தன. பார்க்கப் பார்க்க மிட்சுயோவின் கை கழியைப் பிடிக்கப் பரபரத்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சென்செய், இவ நடக்கலைன்னா?" சயாகா ஒருநாள் கேட்டாள். இந்த முறை கிண்டல் இல்லை. "இருபத்தேழு வருஷம் யாருமே தவறினதில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. மைக்குல வேற சொல்வாங்க."

"தவறியிருக்காங்க. பதினோரு பேர்," என்றாள் மிட்சுயோ. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். சயாகா எதையும் துருவவில்லை. "அன்னிக்கு முரசு நான் அடிக்கிறேன். பிள்ளைங்ககூட நீ நட," என்று மிட்சுயோ கேட்டுக்கொண்டாள். இரண்டு கையிலும் குச்சி இருந்தால் வேறெதையும் பிடிக்க முடியாது என்பது அவள் கணக்கு.

விழா நாள் பளிச்சென்று விடிந்தது. முற்றத்துக்கு மேலே எல்லா நாட்டுக் கொடிகளும் தோரணமாக ஆடின. குடும்பங்கள் பாய் விரித்து, சோற்று உருண்டையும் முட்டைச்சுருளும் வைத்த பெட்டிகளை நிழலில் அடுக்கின. மிட்சுயோ முரசின் முன் நின்றாள். ஒரு கால் பதிந்தால் ஒரு அடி, அதுதான் முறை. கெய்தோ வேண்டுமென்றே குதித்துக் குதித்துப் போய் அவளைத் திணறடித்தான். பதின்மூன்று பேர் வளைவைத் தாண்டினார்கள். ஒலிபெருக்கி இரோஹாவின் பெயரைச் சொன்னது.

சயாகா பக்கத்தில் மட்டும் நின்றாள். இரோஹா ஏறினாள். டம். விழுந்தாள். ஏறினாள். டம், டம். விழுந்தாள். அவள் விழுந்திருக்கும்போது முரசு அடிக்கக்கூடாது. ஆகவே முற்றம் முழுக்க ஒரே அமைதி, கொடிகள் படபடப்பது மட்டும் கேட்டது. மூன்றாவது முறையும் விழுந்தாள். கொடிக்கம்பத்திலிருந்து இரண்டு கஜம்கூட வரவில்லை. முன்வரிசைப் பாயில் அவள் அம்மா மிஹோ எழுந்து நிற்பதை மிட்சுயோ பார்த்தாள். தோள் குறுகி, தலை குனியத் தொடங்கிவிட்டது. அந்தக் குனிவை மிட்சுயோவுக்குத் தெரியும். திறக்காத பெட்டியின் கனம் கையில் வந்து இறங்கியது. குச்சியைப் போட்டுவிட்டு ஓடினால் எட்டுத் தாவலில் அவளிடம் போய்விடலாம். ஓடுவதற்குக் காலை எடுத்தும்விட்டாள்.

ரியோஹெய் மனைவியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். அவன் மகளைப் பார்க்கவில்லை. மிட்சுயோவைப் பார்த்தான்.

அவள் காலை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இரோஹா அழவில்லை. சுண்ணாம்புப் பொடி ஒட்டிய முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு கால்விரல்களையும் ஒருமுறை மடக்கி விரித்தாள், கல், காகிதம் என்று. நான்காவது முறை ஏறினாள். கழிகள் முன்னால் சாய்ந்தன. அவளும் சாய்ந்தாள்.

டம். டம். டம். டம்.

நாலாவது அடியோடு முன்னால் குதித்து இறங்கினாள். விழவில்லை, இறங்கினாள். வளைவு இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு குதிரையைத் தோளில் சாத்திக்கொண்டு, வெறுங்காலோடு, காய்கறி வாங்க வந்த பெரிய மனுஷி நடையில் வளைவைத் தாண்டிப் போனாள்.  யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. ஆனால் தட்டல் முரசைவிடப் பலமாக இருந்தது. மிட்சுயோவுக்குக் கண் மறைத்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் குச்சி இருந்தது.

சாப்பாட்டு வேளையில் இரோஹா வாய் நிறையச் சோற்று உருண்டையோடு முரசருகே வந்து நான்கு விரலைக் காட்டினாள். "நாலு, சென்செய்."

"நாலு. நான் எண்ணினேன்."

"யாருமே பிடிக்கல."

"யாருமே பிடிக்கல," என்றாள் மிட்சுயோ.

ரியோஹெய் மகளைத் தேடிக்கொண்டு வந்தான். மிட்சுயோ அவன் முன்னால் இடுப்பு வரை குனிந்தாள். "ரியோ-சான், உன்கிட்டேருந்து ஒண்ணு எடுத்துட்டேன். எனக்குத் தெரியல. மன்னிச்சுடு," என்றாள். அவன் பதறிப்போய் அவளைவிடக் கீழே குனிந்தான். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். நிமிர்ந்தபோது அவன் கண் கிடங்குச் சுவரில் சாத்தியிருந்த பெரிய ஜோடிக் குதிரைமேல் இருந்தது. ஆசிரியைகள் நடந்து காட்டுவதற்காகக் கட்டியது.

அவன் காலணியையும் காலுறையையும் கழற்றினான். மிட்சுயோ அந்தப் பாதங்களைப் பார்த்தாள். விரல்கள் பத்தும் தரையில் படாமல் நின்றன. சுற்றிலும் எல்லோரும் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தார்கள். அவன் ஏறினான், உடனே பின்னால் சரிந்து, சுவரில் இடித்துக்கொண்டு இறங்கினான்.

"முன்னாடி சாயணும், அப்பா," என்றாள் இரோஹா. வந்து அவன் எதிரே நின்று இரண்டு கழிகளையும் பிடித்தாள். ஏதோ நினைவு வந்தவள்போலக் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் பிடிக்கமாட்டேன். கை பொய் சொல்லும்."

அவன் சிரித்தான். மறுபடி ஏறினான். முகத்தில் சிரிப்பு போய், ஐந்து வயதுப் பையனின் பயம் வந்து நின்றது. கழிகளோடு முன்னால் சாய்ந்தான். வலது கழி எழும்பி, முன்னால் போய்ப் பதிந்தது.

மிட்சுயோ குச்சியை எடுத்து முரசில் ஒரு அடி அடித்தாள்.